ஒரு யந்திரம், இரு விலாசங்கள்

ஜெர்மனியின் சாக்ஸனி மாநிலத்தில், ஃபால்கென்ஷ்டைன் என்ற சிற்றூரில், ஹெட்ஸ்னர் என்னும் ஸ்தாபனத்தின் டேட்டா சென்டரில், ஆயிரக்கணக்கான சர்வர்களுள் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒரே ஒரு நெட்வொர்க் கேபிளால் வெளியுலகத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும் ஒரு கணினியை நினைத்துக்கொள்வோம். அதை மாத வாடகைக்கு எடுத்தவர் வேறொரு தேசத்தில் உட்கார்ந்தபடியே அதற்குள் மென்பொருளின் உதவியால் இன்னொரு கணினியைச் சிருஷ்டித்து, அதற்கெனத் தனியாக ஞாபகசக்தியும் தனியாக டிஸ்க்கும் தனியாக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டமும் ஒதுக்கிக் கொடுத்துவிடுகிறார். இதுவரையில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே பிறந்த அந்தக் கணினிக்கும், அதைத் தாங்கி நிற்கும் கணினிக்கும், இன்டர்நெட்டில் தனித்தனியே ஒரு பொது விலாசம் வேண்டும் என்று அவர் தீர்மானித்தவுடன், கேபிள் ஒன்றாகவும் விலாசம் இரண்டாகவும் இருக்கும் அந்த நிலையில், வந்து சேரும் ஒவ்வொரு பாக்கெட்டும் தனக்குரிய இடத்தைக் கண்டுகொள்வது எப்படி என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. பலரும் இதை ஏதோ ஒரு பட்டியலில் எண்ணைப் பதிந்துவிட்டால் தீர்ந்துபோகும் காரியமாக எண்ணுகிறார்கள். உண்மையில், ஒரு கணினி தன் விலாசம் இன்னதென்று தானே சொல்லிக்கொள்வது பாதி வேலைதான். அந்த விலாசத்தைக் கூப்பிடுகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது என்பதை நிர்ணயிப்பது மறுபாதி. கடினமான பாதியும் அதுவே.

யந்திரத்துக்குள் யந்திரம் என்ற கருத்து புதியதல்ல. 1960-களின் நடுவில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஐ.பி.எம். கம்பெனியின் விஞ்ஞான நிலையத்தில், ஒரே பெரிய கணினியைப் பலரும் தத்தமக்கே உரிய தனிக் கணினிபோல் உபயோகிக்கச் செய்யும் ஆராய்ச்சியிலிருந்து அது பிறந்தது, 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் வியாபாரத்துக்கும் வந்தது. 1999-இல் வி.எம்.வேர் கம்பெனி அந்த வசதியைச் சாதாரண மேஜைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2003-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலிருந்து ஸென் என்ற அத்தகைய மென்பொருள் வெளிவந்தது. 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் கெர்னலில் கே.வி.எம். என்ற அதே வசதி இடம்பெற்ற பிறகு, லினக்ஸ் ஓடும் எந்த சர்வரும் பல மெய்நிகர் கணினிகளுக்கு இடம் தரக்கூடியதாயிற்று. தாங்குவதை ஹோஸ்ட் என்றும், உள்ளே இருப்பதை கெஸ்ட் என்றும் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். இங்கே தாங்குவதைத் தாய்க்கணினி என்றும் மற்றதை மெய்நிகர் கணினி என்றும் வழங்குவோம்.

இரண்டுக்கும் தனி விலாசம் எதற்கு என்று கேட்பது நியாயமே. ஒரு விலாசத்தில் ஒரு போர்ட்டில் ஒரு சேவைதான் காத்திருக்க முடியும். 443 என்ற எண்ணில் ஒரு வெப் சர்வர் உட்கார்ந்துவிட்டால் அதே எண்ணில் மற்றொன்று உட்கார இயலாது. வெப்சைட்டுகளைப் பொறுத்தவரை, கேட்பவர் எந்தப் பெயரை நாடி வருகிறார் என்பதை ஆரம்பத்திலேயே அறிவித்துவிடும் ஏற்பாடு வந்துவிட்டபடியால், நூறு தளங்களும் ஒரே விலாசத்தில் சௌகரியமாக வாழலாம். மின்னஞ்சலின் விஷயம் அப்படியல்ல. அஞ்சலைப் பெறும் சர்வர், அது எந்த விலாசத்திலிருந்து வருகிறது, அந்த விலாசத்துக்கு என்ன பெயர் பதிவாகியிருக்கிறது, அதற்கு முன்னே என்ன கீர்த்தி அல்லது அபகீர்த்தி உண்டு என்பதையெல்லாம் விசாரித்த பிறகே உள்ளே விடுகிறது. மெய்நிகர் கணினியை ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்து, அவருடைய அஜாக்கிரதையால் அதிலிருந்து குப்பை அஞ்சல் புறப்பட்டுவிட்டால், பொது விலாசம் ஒன்றாகவே இருக்கும் பட்சத்தில் தடைப்பட்டியலில் ஏறுவது தாய்க்கணினியின் எண்ணுந்தான். ஒவ்வொருவர் செய்கைக்கும் அவரவரே பொறுப்பாளி என்று உலகம் பிரித்துப் பார்க்கவேண்டுமானால் விலாசமும் பிரிந்திருப்பது அவசியம்.

மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்தவுடன் தானாகக் கிடைப்பது இந்தப் பிரிவு அல்ல. லினக்ஸில் பெரும்பாலும் உபயோகமாகும் லிப்வர்ட் என்ற நிர்வாக மென்பொருள், 192.168.122 என்று தொடங்கும் ஓர் அந்தரங்க விலாசத்தைத்தான் முதலில் தருகிறது. இத்தகைய அந்தரங்க விலாசங்கள் 1996 பிப்ரவரியில் வெளியான ஒரு விதிப்பத்திரத்தின்படி யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக்கூடியவை. ஆனால் பொது இன்டர்நெட்டில் செல்லாதவை. வெளியே போகும் பாக்கெட்டுகளில் தாய்க்கணினி தன் விலாசத்தை ஒட்டி அனுப்பி, பதில் வந்ததும் உரியவருக்கு மாற்றிக் கொடுக்கிறது. இதற்கு நேட் என்று பெயர். ஒண்டுக்குடித்தன வீட்டில், எல்லாக் குடித்தனக்காரர்களும் வீட்டுக்காரர் பெயரிலேயே கடிதம் எழுதி, வரும் பதில்களை அவர் பிரித்துக் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு இது. தாமாகவே எழுதுகிற வரையில் குறையில்லை; வெளியூரிலிருந்து ஒருவர் குறிப்பிட்ட ஒரு குடித்தனக்காரரை முதன்முதலாகத் தேடி வந்தால்தான் சங்கடம், ஏனெனில் அவருடைய பெயர் வாசலில் எங்கும் இல்லை.

இந்த ஏற்பாடு உலகெங்கும் பரவியதற்குக் காரணம் விலாசப் பஞ்சம். 1981 செப்டம்பரில் வகுக்கப்பட்ட ஐ.பி. நான்காம் பதிப்பில் ஒரு விலாசம் என்பது 32 பிட். ஆகவே மொத்தம் சுமார் 429 கோடி எண்களே உண்டு. உலகளாவிய பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி தீர்ந்தது. அதே வருஷம் ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பிராந்தியத்தின் விலாசப் பதிவகமான ஏப்னிக், கடைசித் தொகுதியை எட்டி ரேஷன் முறைக்கு வந்தது. ஐரோப்பாவின் பதிவகமான ரைப் 2019 நவம்பரில் அடியோடு கைவிரித்தது. அமேசான் கம்பெனி தன் வாடகைக் கணினிகளின் பொது விலாசம் ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது வருஷத்துக்குச் சுமார் 44 டாலர், 2024 பிப்ரவரி முதல் கட்டணம் விதிக்கிறது. இவ்வளவு அருமையாகிவிட்ட ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவர், அதை முறையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று அறிந்திருப்பது நலம்.

இனி விஷயத்தின் மர்மஸ்தானத்துக்கு வருவோம். உதாரணங்களுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் எண்களிலிருந்து எடுத்து, தாய்க்கணினியின் விலாசம் 203.0.113.10 என்றும், மெய்நிகர் கணினிக்கு வாங்கிய விலாசம் 203.0.113.25 என்றும், டேட்டா சென்டரின் வாசலில் நிற்கும் கேட்வே ரௌட்டர் 203.0.113.1 என்றும் வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்தோ சிகாகோவிலிருந்தோ 25-க்கு ஒரு பாக்கெட் வந்து சேர்கிறது. கேட்வேக்கு ஐ.பி. விலாசம் தெரியும்; ஆனால் ஈதர்நெட் கேபிளில் ஒன்றை அனுப்புவதற்கு ஐ.பி. விலாசம் போதாது. நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றுக்கும் 48 பிட் நீளமுள்ள மேக் எண் ஒன்று உண்டு. அது தெரிந்தால்தான் அனுப்ப முடியும். எனவே கேட்வே அந்தக் கேபிளில் உள்ள அத்தனை பேருக்கும் கேட்கும்படியாக, "203.0.113.25 யாரிடம் இருக்கிறது? 203.0.113.1-க்குச் சொல்லவும்" என்று கூவுகிறது. உரியவர் தம் மேக் எண்ணைப் பதிலாகச் சொல்ல, கேட்வே அதைச் சிறிது காலம் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறது. ஏ.ஆர்.பி. என்ற இந்த ஏற்பாட்டை 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் என்பவர் எழுதிவைத்தார். அதன்பின் இன்டர்நெட்டில் எத்தனையோ மாறிவிட்டபோதிலும், ஈதர்நெட்டில் ஐ.பி. நான்காம் பதிப்பு ஓடும் இடமெல்லாம் அந்தக் கேள்வியும் பதிலும் இன்றும் அதே உருவத்தில் நடந்துவருகின்றன. பதில் சொல்வார் இல்லையென்றால் பாக்கெட் அங்கேயே மடிகிறது. மெய்நிகர் கணினிக்குள் விலாசத்தைச் சரியாகப் பதிந்துவிட்டு, வெளியிலிருந்து ஏன் எட்ட முடியவில்லை என்று திகைத்து நிற்பவர்களில் பெரும்பாலோர், இந்தக் கேள்வி தங்கள் மெய்நிகர் கணினியின் காதில் விழுகிறதா என்று பார்க்காதவர்கள்.

அந்தக் கேள்வியை மெய்நிகர் கணினியே நேரில் கேட்டு, தானே பதில் சொல்லும்படி செய்வது முதல் வழி. இதற்காகத் தாய்க்கணினிக்குள் பிரிட்ஜ் என்ற ஒன்றை அமைக்கிறார்கள். அது மென்பொருளால் ஆன ஒரு சுவிட்ச். தாய்க்கணினியின் நிஜ நெட்வொர்க் கார்டு அதன் ஒரு முனையிலும், மெய்நிகர் கணினியின் பாவனைக் கார்டு மற்றொரு முனையிலும் சேர்ந்துவிட, வெளியே கூவப்பட்ட கேள்வி உள்ளே தடையின்றிப் போகிறது. மெய்நிகர் கணினிக்கென்று ஒரு மேக் எண்ணும் உண்டு, கே.வி.எம். உலகில் அது வழக்கமாக 52:54:00 என்று ஆரம்பிக்கும், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் 08:00:27 என்று ஆரம்பிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே கேபிளின் முனையில் இரண்டு கணினிகள் அடுத்தடுத்து இருப்பதாகவே தோன்றும். அலுவலகத்திலோ கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்திலோ, சுவிட்சும் ரௌட்டரும் நம் அதிகாரத்துக்கு உட்பட்டிருக்கும்போது, இதைக் காட்டிலும் எளிய வழி கிடையாது.

எளியதாயினும் சில சூட்சுமங்கள் உண்டு. பிரிட்ஜ் அமைந்ததும் தாய்க்கணினியின் சொந்த விலாசம் நிஜக் கார்டின்மேல் இருக்கக்கூடாது. பிரிட்ஜின்மேல் ஏறிவிட வேண்டும், ஏனென்றால் கார்டு இப்பொழுது வெறும் சுவிட்ச் முனையாகிவிட்டது. தொலைவிலிருந்து வேலை செய்பவர் இந்த மாற்றத்தைப் பாதியில் விட்டால், தாம் ஏறி நிற்கும் கிளையைத் தாமே வெட்டியவராகித் தொடர்பை இழப்பார். ஆகையால், சில நிமிஷத்துக்குள் மறு உத்தரவு வராவிட்டால் பழைய நிலைக்கே தானாகத் திரும்பும்படி முன்னேற்பாடு செய்துகொண்டே விஷயம் தெரிந்தவர்கள் இதில் கை வைப்பார்கள். வளையமாகச் சுற்றும் பாதைகளைத் தடுப்பதற்கான ஸ்பானிங் ட்ரீ ஏற்பாடு பிரிட்ஜில் விழித்திருந்தால், புதிதாகச் சேர்ந்த முனை 15 விநாடி கவனித்து, மேலும் 15 விநாடி கற்றுக்கொண்ட பிறகே பாக்கெட்டுகளை அனுமதிக்கும். அதற்குள் மெய்நிகர் கணினி விலாசம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடக்கூடும். இன்னொன்றும் உண்டு. தன் மேக் எண்ணைக் குறிப்பாக நிர்ணயித்துக் கொடுக்காவிட்டால், லினக்ஸ் பிரிட்ஜ் தன்னோடு சேர்ந்த முனைகளின் எண்களுள் மிகச் சிறியதையே தனதாக்கிக்கொள்ளும் சுபாவமுடையது. ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பியதும் அதன் முனை எண் சிறியதாக அமைந்துவிட்டால், தாய்க்கணினியின் மேக் எண்ணே திடீரென்று மாறி, நடந்துகொண்டிருந்த தொடர்புகள் தடுமாறும். லிப்வர்ட் இதை முன்கூட்டியே உணர்ந்து, தாய்க்கணினியின் பக்கத்து முனைக்கு எஃப்.ஈ. என்று தொடங்கும் மிகப் பெரிய எண்ணைக் கொடுத்துவிடுகிறது. இத்தகைய சிறு காரியங்களில்தான், அந்த மென்பொருளை எழுதியவர்கள் எவ்வளவு தூரம் அனுபவப்பட்டவர்கள் என்பது புலனாகிறது.

வை-ஃபை வழியாக இந்த முறை பொதுவாகப் பலிக்காது. அக்ஸஸ் பாயின்ட் தன்னிடம் பதிவு செய்துகொண்ட மேக் எண்ணிலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும். உள்ளிருக்கும் மற்றொன்றின் குரல் அதற்கு அந்நியம். வாடகை டேட்டா சென்டர்களிலும் இதே தடை, வேறு காரணத்தால் உண்டு. ஒரு வாடிக்கையாளர் அடுத்தவருடைய விலாசத்துக்குப் பதில் சொல்லி அவருடைய பாக்கெட்டுகளைக் கவர்ந்துகொள்ளாதிருக்கும்பொருட்டு, ஒவ்வொரு முனையிலும் எந்த மேக் எண் பேசலாம் என்று நிர்வாகம் வரையறுத்துவிடுகிறது. ஃபால்கென்ஷ்டைனில் அனுமதியில்லாத மேக் எண் கேபிளில் தென்பட்டால் வாடிக்கையாளருக்கு எச்சரிக்கை போய்ச் சேரும். இது சரியான ஏற்பாடே. பிரிட்ஜ் வைத்தே தீரவேண்டும் என்பவர், கூடுதலாக வாங்கும் ஒற்றை விலாசத்துக்கென ஒரு மேக் எண்ணையும் நிர்வாகத்திடமே கேட்டுப் பெற்று, அதை மெய்நிகர் கணினியின் கார்டில் பதியவேண்டும். பிரான்சின் ரூபே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓ.வி.எச். ஸ்தாபனமும் மெய்நிகர் மேக் என்ற பெயரில் இதே வசதியைத் தருகிறது.

இரண்டாவது வழியில், பதில் சொல்லும் பொறுப்பைத் தாய்க்கணினி ஏற்கிறது. கேட்வேயின் கூப்பாட்டுக்கு அது, "25-க்கு உரியதை என்னிடம் தரலாம்" என்று தன் மேக் எண்ணைச் சொல்லிவிடுகிறது, ப்ராக்ஸி ஏ.ஆர்.பி. என்று இதற்குப் பெயர். அல்லது, ஹெட்ஸ்னர் வழக்கமாகச் செய்வதுபோல், கூடுதல் விலாசத்துக்கான பாக்கெட்டுகளைக் கூப்பிட்டுக் கேட்காமலேயே தாய்க்கணினியின் பிரதான விலாசத்துக்கு அனுப்பிவைக்கும்படி டேட்டா சென்டரே பாதை வகுத்துவிடுகிறது. எவ்வாறாயினும் பாக்கெட் தாய்க்கணினியின் கைக்கு வந்துவிடுகிறது. இனி அது ஒரு ரௌட்டராக நடந்துகொண்டு, விலாசத்தைத் தொடாமல், மாற்றாமல், உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அதற்கு ஐ.பி. ஃபார்வர்டிங் என்ற அனுமதியைத் திறந்துவிட்டு, 25 என்ற ஒரே விலாசம் இன்ன முனைக்கு அப்பால் இருக்கிறது என்று ஒரு பாதையையும் எழுதிவைத்தால் போதும்.

நான் வாடகை சர்வர்களில் இந்த முறையையே மேலானதாகக் கருதுகிறேன். இதில் யாரும் யாருடைய வேஷத்தையும் போடுவதில்லை; வெளிக் கேபிளில் பேசுவது ஒரே மேக் எண்; விலாசம் மட்டும் முழுமையாக உள்ளே போய்ச் சேர்கிறது. ஆனால் மெய்நிகர் கணினியின் பக்கத்தில் பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு 203.0.113.25 என்று விலாசம் கொடுக்கும்போது, பழக்கத்தின் காரணமாக, 203.0.113 என்று தொடங்குபவர் அனைவரும் பக்கத்து வீட்டார் என்று அர்த்தமாகும் /24 என்ற அளவையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான்; அந்தக் கணினி உலகத்திலுள்ள எல்லாரோடும் பேசும், 203.0.113.40 என்ற அண்டை சர்வரோடு மட்டும் பேசாது. தூரத்திலிருப்பவருக்கு உரியதைத் தாய்க்கணினியிடம் ஒப்படைக்கிறது. அண்டையில் இருப்பவரையோ தானே நேரில் கூப்பிட்டுப் பார்க்கிறது. அந்தக் கூப்பாடு உள் முனையைத் தாண்டி வெளியே போவதில்லை. இதற்குப் பரிகாரம், விலாசத்தை /32 என்று, அதாவது தனக்குப் பக்கத்தில் யாருமே இல்லை என்று சொல்லிக் கொடுப்பது. அப்படிச் சொன்னதும், அதற்குக் கேட்வேயாக நிற்கும் தாய்க்கணினியும் பக்கத்தில் இல்லாததாகிவிடும் என்பதால், "203.0.113.10 இந்த முனையிலேயே இருக்கிறது" என்று ஒரு பாதையும், "மற்றதெல்லாம் அதன் வழியாக" என்று ஒரு பாதையும் முறையே எழுதவேண்டும். பார்வைக்கு விசித்திரமாக இருந்தாலும் லினக்ஸ் இதைத் தயங்காமல் ஏற்கும். ஓ.வி.எச்.-இன் மெய்நிகர் கணினிகளில் விலாசத்தை /32 என்று வைத்து, தாய்க்கணினி விலாசத்தின் கடைசி எண்ணுக்குப் பதிலாக 254 போட்டு அதைக் கேட்வேயாகக் கொள்ளும்படி நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதே தர்க்கத்தைச் சேர்ந்ததுதான்.

மேக்விடேப் என்று இடைப்பட்ட ஒரு வழியும் இருக்கிறது. பிரிட்ஜே இல்லாமல் மெய்நிகர் கணினியை நிஜக் கார்டின்மேல் நேராக ஒட்டிவைப்பது அது. அமைப்பது சுலபம், வெளியுலகமெல்லாம் எட்டும், ஆனால் தாயும் சேயும் மட்டும் ஒன்றோடொன்று பேச இயலாது. சேய் அனுப்புவது நேரே கேபிளில் இறங்கிவிடுகிறது; வெளியிலுள்ள சுவிட்சோ, வந்த முனையிலேயே திருப்பி அனுப்பும் வழக்கமில்லாதது. இரண்டும் பேசவேண்டிய அவசியம் இருந்தால் இந்த வழியை நாடாதிருப்பதே நல்லது.

தனி விலாசம் பெற்ற மெய்நிகர் கணினி, நேட் தந்த மறைவை இழந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். உலகம் அதன் ஒவ்வொரு போர்ட்டையும் தட்டிப் பார்க்கும். ஆகவே அதற்கென்று சொந்தமாக ஃபயர்வால் வேண்டும். தாய்க்கணினியின் ஃபயர்வால் அதற்குக் காவலாகுமா என்பது இன்னும் நுட்பமான விஷயம். பிரிட்ஜைக் கடந்து செல்வது தாய்க்கணினிக்கு உரியதல்ல என்றாலும், லினக்ஸ் கெர்னலில் பிரிட்ஜ் நெட்ஃபில்டர் என்ற பகுதி ஏற்றப்பட்டிருந்தால், அப்படிக் கடந்து செல்வனவும் தாய்க்கணினியின் ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வால் விதிகளுக்கு உட்பட்டுவிடும். தாய்க்கணினியில் டாக்கர் என்ற மென்பொருளை நிறுவினால் அந்தப் பகுதி ஏற்றப்படக்கூடும்; அதோடு, பிறருக்காகக் கடத்திவிடும் பாக்கெட்டுகளை வெளிப்படையாக அனுமதித்தாலன்றித் தடுப்பது என்ற கொள்கையும் அமலுக்கு வருகிறது. மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய மெய்நிகர் கணினிகள், சம்பந்தமேயில்லாத டாக்கரை நிறுவிய அன்று மாலையே மௌனமாகிவிடுவதன் காரணம் இதுதான்.

பெரிய கிளவுட் ஸ்தாபனங்கள் வேறு வழி கொண்டிருக்கின்றன. அமேசானில் ஒரு கணினிக்குப் பொது விலாசம் கொடுத்தாலும், அந்தக் கணினிக்குள் போய்ப் பார்த்தால் அந்தரங்க விலாசம் ஒன்றே தென்படும். ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வெளியே மாற்றித் தருகிறார்கள். லட்சக்கணக்கான கணினிகளை நிர்வகிப்பவர்களுக்கு அதில் சௌகரியம் உண்டு. ஆயினும், இணையத் தொலைபேசிக்கான சிப் போன்ற சில முறைகள் தம் விலாசத்தைப் பாக்கெட்டின் உள்ளடக்கத்திலேயே எழுதியனுப்பும். தன் பொது விலாசத்தைத் தானே அறியாத கணினி அங்கே எழுதுவது, வெளியே செல்லாத எண்ணைத்தான். அழைப்பு இணைந்தும் குரல் கேட்காமல் போவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. தன்னைப் பற்றித் தான் அறிந்ததும் உலகம் அறிந்ததும் ஒன்றாக இருக்கும் கணினியில் இத்தகைய குழப்பம் நேர்வதில்லை.

ஐ.பி. ஆறாம் பதிப்பில் விலாசம் 128 பிட் நீளம். ஒரு சாதாரண வாடகை சர்வருக்கே /64 என்ற தொகுதியை, அதாவது ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கோடி கோடிக்கும் மேற்பட்ட விலாசங்களை, சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். பஞ்சம் அங்கே இல்லை. ஆனால் பழைய கேள்வி அங்கேயும் இருக்கிறது. ஏ.ஆர்.பி.-யின் இடத்தில் நெய்பர் டிஸ்கவரி என்ற வேறொரு முறை அதே கேள்வியைக் கேட்கிறது. அந்தத் தொகுதி முழுவதையும் தாய்க்கணினியின் வழியாகவே அனுப்பும்படி டேட்டா சென்டர் பாதை வகுத்திருந்தால், ஹெட்ஸ்னரில் இருப்பதுபோல், மெய்நிகர் கணினிகளுக்கு இஷ்டம்போல் பிரித்துக் கொடுத்துக்கொள்ளலாம். வேறு வேலை இல்லை. அப்படியின்றி, கேட்வே ஒவ்வொரு விலாசத்தையும் கேபிளில் கூவித் தேடும் இடமாக இருந்தால், ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்காகவும் தாய்க்கணினி பதில் சொல்லும்படி தனித்தனியே ஏற்பாடு செய்யவேண்டியிருக்கும். இரண்டில் எது என்பதை விலைப்பட்டியலில் போடுவதில்லை. சர்வரை வாடகைக்கு எடுப்பதற்கு முன்பாகவே கடிதம் எழுதிக் கேட்டுவிடலாம். எடுத்துவிட்டவர், கேபிளில் வந்துபோவதைக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவியைத் தாய்க்கணினியின் வெளிமுனையில் ஓடவிட்டு, இன்னும் யாருக்கும் கொடுக்காத ஒரு விலாசத்தை வெளியிலிருந்து கூப்பிட்டுப் பார்க்கலாம். கேள்வி மட்டும் வந்தால் கேட்வே தேடுகிறது. பாக்கெட்டே வந்தால் பாதை வகுத்திருக்கிறார்கள்.